சலீம் பாய் நாற்றங்காலில் நோய் நின்ற இடம்

செடி செத்துக் கிடக்கும் இடத்துக்கு நீங்கள் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பு அங்கே வந்து சேர்ந்திருக்கும். யார் குற்றவாளி என்று எல்லாரும் முடிவு செய்திருப்பார்கள். உங்களை அழைத்திருப்பது கையெழுத்துப் போட. தோட்டக்கலைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. எனக்குத் தெரிய வருடங்கள் ஆயின.

மண் மாதிரி எடுப்பது, மருந்து கலப்பது எல்லாம் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்ல ஓய்வுபெற்ற ஒருத்தி தேவையில்லை. நான் ஒரு நாற்றங்காலைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பூந்தமல்லி அலுவலகத்தில் நான் இருந்த கடைசி வருடங்களில் நடந்தது. குத்தம்பாக்கம் போகும் வழியில் சலீம் பாயும் அவர் மனைவி ஷமீமும் நாற்றங்கால் வைத்திருந்தார்கள். மிளகாய், கத்தரி, தக்காளி. பாத்தியில் விதைத்து, கொஞ்சம் வளர்ந்ததும் பிடுங்கி விவசாயிகளுக்கு விற்பார்கள். சுற்றுவட்டாரத்தில் அதற்கு ‘பாய் நாத்து’ என்று பெயர். நிலம் ஷமீமின் அப்பா விட்டுப்போனது. சலீம் பாய் கல்யாணத்துக்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். செடியைப் பற்றிப் பேசும்போதும் வண்டியைப் பற்றிப் பேசுவது மாதிரியேதான் பேசுவார்.

புதுப் பேருந்து நிலையம் வருகிறது என்றதும் அந்தப் பக்கத்து நிலத்துக்கெல்லாம் மதிப்பு வந்துவிட்டது. பாய் நிலத்தை வண்டி நிறுத்துமிடம் ஆக்க வேண்டும் என்று ஒரு தரகர் அடிக்கடி வந்துபோனார். உட்காருவார், டீ குடிப்பார், வெயிலைப் பற்றிப் பேசுவார், போய்விடுவார். அவரிடம் அவசரமே கிடையாது. ஒரு பருவம் நாற்று கெட்டால் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கெட்டது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். காலையில் சலீம் பாய் போன் செய்தார்.

“மேடம், எல்லாம் படுத்துகிச்சு.”

“எது பாய்?”

“நாத்து மேடம். நேத்து சாயங்காலம் நின்னுகினு இருந்துச்சு. இன்னிக்குப் பார்த்தா படுத்துகினு கீது. ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தமும்.”

போய்ப் பார்த்தேன். இலைகள் பச்சையாகவே இருந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் வெந்த கீரைத் தண்டு மாதிரி நைந்து, நாற்று சாய்ந்து கிடந்தது. நாற்றழுகல். மண்ணுக்குள் காத்திருக்கும் ஒரு பூஞ்சணம், ஈரம் கிடைத்ததும் கிளம்பி வந்து இளம் தண்டைத் தின்பது. இதில் புதிர் ஒன்றுமில்லை. ஆனால் இந்த நோய் வழக்கமாக ஒரு மூலையில் ஆரம்பித்து, எண்ணெய் கசிவது மாதிரி மெல்லப் பரவும். இங்கே எல்லாப் பாத்தியும் ஒரே நாளில் விழுந்திருந்தது. எனக்கு அது இடித்தது.

பாய்க்கு எதுவும் இடிக்கவில்லை. “குப்பை மேடம். அந்த ஃப்ளாட்காரரு குடுத்த குப்பை. விஷம்.”

ஃப்ளாட்காரர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கார்த்திகேயன் என்று பெயர். கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்த ஊர். கம்ப்யூட்டர் வேலைக்காக வந்து வேலப்பன்சாவடியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியவர். அங்கே எல்லார் வீட்டுக் காய்கறிக் கழிவையும் சேர்த்துத் தொட்டியில் மக்கவைத்து எருவாக்கும் பொறுப்பை அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. எரு சேர்ந்ததும் நல்ல எண்ணத்தில் மூட்டை கட்டி சலீம் பாய்க்குக் கொடுத்தார். பாயும் நல்ல எண்ணத்தில் எல்லாப் பாத்தியிலும் கலந்து விதைத்தார். நல்ல எண்ணம் இரண்டு பக்கமும் இருந்த இடத்தில்தான் நாற்று விழுந்து கிடந்தது.

“ஏனுங்க மேடம், வெங்காயச் சருகும் வாழப்பழத் தோலும் எப்படீங்க விஷமாகும்? மண்ணுல ஏதோ இருக்குதுங்க. தண்ணியச் சோதிச்சுப் பாருங்க.”

“எங்க அத்தா வெவசாயம் பண்ண மண்ணு இது,” என்றாள் ஷமீம். சத்தமே இல்லாமல் சொன்னாள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எரு விஷம் என்று நான் எழுதித் தர வேண்டும், பாய்க்கு. எரு நல்லது என்று எழுதித் தர வேண்டும், கார்த்திகேயனுக்கு; அந்த வாரக் கடைசியில் அவர்கள் குடியிருப்பில் கூட்டம், தொட்டி நாறுகிறது, மூடியே ஆக வேண்டும் என்று பாதிப் பேர் தயாராக இருந்தார்கள். என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். “ரெண்டு பேருக்கும் பாதகமில்லாம ஒண்ணு எழுதிடுங்க மேடம்,” என்றார். “காலநிலைன்னு போடுங்க.”

காலநிலை மறுத்துப் பேசாது. எங்கள் காலத்தில் இந்த வட்டாரத்துச் செடிகளில் பாதி, கோப்புகளின்படி, காலநிலையால்தான் இறந்தன.

நான் எழுதவில்லை. அதில் வீரம் எதுவும் இல்லை. எனக்கு விடை தெரியவில்லை, அவ்வளவுதான். விடை தெரியாதபோது எழுதாமல் இருப்பது ஒரு வேலை என்றே நினைக்கிறேன். அதற்குச் சம்பளத்தில் தனி இடம் கிடையாது.

நோயியல் ஆய்வகத்தில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். என்னைவிட வெகு இளையவள். தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவள்தான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள், சொல்லவில்லை. அவளை அழைத்து அறிகுறி, மழை, விதை, பாத்தி என்று எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த எருவுக்குள்ள கைய விட்டுப் பாத்தீங்களா?” என்றாள்.

“இல்ல.”

“விட்டுட்டுக் கூப்பிடுங்க.” போனை வைத்துவிட்டாள்.

கலந்ததுபோக ஒரு மூட்டை எரு மிச்சமிருந்தது. முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே, வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கை வைத்த மாதிரி சூடு. வெளியே எடுத்தபோது கையில் புளித்த மாவு வாடை. வாழைப்பழத் தோல் இன்னும் வாழைப்பழத் தோலாகவே இருந்தது, நிறம் மட்டும் மாறியிருந்தது.

“தொட்டிய எப்போ காலி பண்ணீங்க?” என்று கார்த்திகேயனைக் கேட்டேன்.

“மூணாவது மாடி அம்மா, நாத்தம் தாங்கலைன்னு வாட்ஸ்அப் குரூப்புல போட்டாங்க. அப்புறம் எல்லாரும் போட ஆரம்பிச்சுட்டாங்க. கொஞ்சம் சீக்கிரமா எடுத்துட்டேனுங்க. ஆனா நல்லாக் கருப்பாத்தானுங்க இருந்துச்சு.”

கருப்பானால் எரு என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி மக்கியதும் கருப்புதான். அரைகுறையாக மக்கியதில் சர்க்கரைச் சத்து நிறைய மிச்சமிருக்கும். அது நோய்ப் பூஞ்சணத்துக்குப் பந்தி போட்ட மாதிரி. பாய் எல்லாப் பாத்தியிலும் பந்தி போட்டிருந்தார். அதனால்தான் எல்லாப் பாத்தியும் ஒன்றாக விழுந்தன. முழுக்க மக்கி, சூடு ஆறி, ஓய்ந்த எரு வேறு சாதி. அதில் சாப்பாடு தீர்ந்திருக்கும்; சாப்பிட்ட நுண்ணுயிர்கள் மட்டும் கூட்டம் கூட்டமாக அங்கேயே குடியிருக்கும். பூஞ்சணம் வந்தால் உட்கார இடம் இருக்காது, தின்ன எதுவும் கிடைக்காது. குடியிருப்பவற்றில் சில, வந்த பூஞ்சணத்தையே தின்றுவிடும்.

இதையெல்லாம் எளிதாகச் சொல்லிவிட்டு, “மண்ணுல நோய் இருந்துச்சு, பாய் சொல்ற மாதிரி எருவும் தப்பு. ரெண்டு பேரும் சொன்னது சரி,” என்றேன். என் பணிக்காலத்தில் இதைவிட யாருக்கும் பிடிக்காத பதிலை நான் சொன்னதில்லை.

கார்த்திகேயன் அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று, அவசரப்பட்டு எடுத்தது தான்தான், எடுத்ததைக் கொடுத்ததில் ஒருவருடைய நாற்று மொத்தமும் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார். குடியிருப்புக் கூட்டங்களில் யாரும் அப்படிப் பேசுவதில்லையாம். என்ன செய்வதென்று தெரியாமல் தீர்மானத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

சலீம் பாயோ நான் சொன்னதில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்: மண்ணில் நோய் இருக்கிறது. அடுத்த முறை நான் போனபோது பாத்திகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பெரிய அடுப்பு மூட்டி, வெந்நீர் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றியிருந்தார். அதற்கு மேல் ப்ளீச்சிங் பவுடர். நாற்றங்காலில் நீச்சல்குள வாடை அடித்தது.

“இன்னா மேடம் பாக்கறீங்க. சுத்தம். ஆஸ்பத்திரி மாதிரி கீது.”

“பாய், கொஞ்சம் பொறுங்க. இப்ப விதைக்காதீங்க.”

“வெதச்சுட்டேனே.”

விதைகள் முளைத்தன. சீராக, அழகாக முளைத்தன. பாய் படம் எடுத்து எனக்கு அனுப்பினார், கார்த்திகேயனுக்கும் அனுப்பினார். எனக்கு அனுப்பியது சந்தோஷத்துக்கு. அவருக்கு அனுப்பியது வேறு காரணத்துக்கு. அப்புறம் ஒரு மழை பெய்தது. பக்கத்து நிலத்துத் தண்ணீர் வரப்பு தாண்டிப் பாத்திக்குள் வந்தது. போன தடவை விழ ஒரு இரவு ஆனது. இந்தத் தடவை காலையில் சாய ஆரம்பித்தவை மதியத்துக்குள் முடிந்தன.

நான் போனபோது பாய் வரப்பில் குந்தியிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீர் நோயை மட்டும் கொல்லவில்லை, நோயைத் தடுத்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் கொன்றுவிட்டது என்று சொன்னேன். தண்ணீரோடு புதிதாக வந்த பூஞ்சணத்துக்கு நிலம் முழுக்கக் காலியாகக் கிடைத்தது.

“காலி வண்டி,” என்றார் பாய்.

“என்ன பாய்?”

“ஷேர் ஆட்டோ மேடம். ஆவடி ரூட்ல வண்டி காலியா நின்னா மொதல்ல ஏறுறவன் குடிகாரன்தான். அவன் ஏறிட்டான்னா வேற எவனும் ஏற மாட்டான். வண்டி ரொம்பிகினு இருந்தா அவன் கை காட்டினாலும் நிக்காம பூடுவோம். நான் வெந்நி ஊத்தி வண்டிய காலி பண்ணிட்டேன்.”

பின்னாளில் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் நான் சொன்ன விளக்கம் இதுதான். சலீம் பாய் சொன்னது என்று சொல்லித்தான் சொன்னேன். அன்றைக்கு அவர் அதை விளக்கமாகச் சொல்லவில்லை. தன்னைத் திட்டிக்கொள்வதற்காகச் சொன்னார்.

“போதும் மேடம். அந்த ஆளுக்குப் போன் பண்றேன். நிலத்த எடுத்துகினு போவட்டும். வண்டி நிறுத்தற எடத்துல நோவு வராது.”

ஷமீம் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டாள்: “அக்கா, காலியான வண்டிய திரும்ப ரொப்ப முடியுமா?”

“முடியலாம்,” என்றேன். ‘முடியும்’ என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவுக்காக நாம் வாக்குக் கொடுத்துவிடுவோம், கவனமாக இருங்கள்.

மழை முடிந்ததும் விவசாயிகள் நடவுக்கு வருவார்கள். அதற்குள் இன்னும் ஒரு விதைப்புக்குத்தான் காலம் இருந்தது. இந்தப் பருவம் நாற்று இல்லையென்றால் அவர்கள் வேறு இடம் போவார்கள். போனவர்கள் அங்கேயே பழகிவிடுவார்கள்.

ஓய்ந்த எரு எங்கே கிடைக்கும் என்று கார்த்திகேயனைக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். முதன்முதலில் அவர் கட்டிய தொட்டி ஒன்று ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கிறது. அது தோல்வி என்று நினைத்து, மூடிவைத்துவிட்டு, வேறு தொட்டி கட்டிவிட்டார். நீண்ட காலமாக யாரும் திறக்கவில்லை. அதை அப்புறப்படுத்தச் சொல்லித் தனியாக ஒரு புகாரும் நிலுவையில் இருந்தது.

போய்த் திறந்தோம். கையை விட்டேன். குளிர்ச்சி. மண்ணுக்கும் அதற்கும் வாடையில் வித்தியாசம் தெரியவில்லை. தோல், சருகு, காம்பு எதுவும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்தது ஒரு எவர்சில்வர் ஸ்பூன் மட்டும். மூன்றாவது மாடி அம்மா அது தங்கள் வீட்டு ஸ்பூன் என்று வாங்கிக்கொண்டார்.

“மறுபடியும் அதே குப்பையா?” என்றார் சலீம் பாய். கார்த்திகேயனை அவர் பார்க்கவே இல்லை. மூட்டையைப் பார்த்துக் கேட்டார். கேட்டது நியாயம். நம்பச் சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. காட்டச் சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

டீக்கடைக் காகிதக் கப்புகள் வாங்கினோம். சிலவற்றில் நோய் பிடித்த பாத்தி மண் மட்டும். சிலவற்றில் அதே மண்ணோடு பழைய எரு. இன்னும் சிலவற்றில் அதே மண்ணோடு, ஆவியில் நன்றாக வேகவைத்து ஆறவிட்ட அதே எரு.

“எருவ எதுக்கு வேக வெக்கணும்?” என்றாள் ஷமீம்.

“உள்ள இருக்கிற சத்து காப்பாத்துதா, உயிர் காப்பாத்துதான்னு தெரியணும். சத்துன்னா வெந்தாலும் காப்பாத்தும்.”

அவள் உள்ளே போய் பிரியாணி அண்டாவைக் கொண்டுவந்தாள். சலீம் பாய் எழுந்து நின்றார். இரண்டு விதைப்பு போனபோதுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. “ஷமீமு, அது பெருநாளு அண்டா.” அவள் அதை அடுப்பில் ஏற்றினாள்.

கப்புகளை வீட்டு வராந்தாவில் வரிசையாக வைத்து மிளகாய் விதைத்தோம். தண்ணீர் தெளித்தது ஷமீம். முளைத்துச் சில நாள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. தரகர் ஒரு நாள் வந்து டீ குடித்துவிட்டு, கப்புகளைப் பார்த்துவிட்டு, டீக்கடை வைக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு விழ ஆரம்பித்தன. பாத்தி மண் கப்புகள் காலியாயின. வேகவைத்த எரு கப்புகளும் ஏறக்குறைய அதே மாதிரி. வேகவைக்காத எரு இருந்த கப்புகளில் அங்கொன்று இங்கொன்று போனது, மற்றவை நின்றன.

சலீம் பாய் ஒரு கப்பை எடுத்தார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். “ரெண்டும் ஒரே குப்பை,” என்றார். “வெந்தது தூங்குது. வேகாதது வேலைக்குப் போவுது.” பிறகு முதல்முறையாகக் கார்த்திகேயன் பக்கம் திரும்பி, “தம்பி, அந்தத் தொட்டில இன்னும் எவ்ளோ கீது?” என்றார்.

கார்த்திகை மழையின் நடுவே கிடைத்த வெயிலில் கடைசி விதைப்பு நடந்தது. பாத்தியை உயர்த்திக் கட்டி, பழைய எருவைக் கலந்து, சில நாள் ஆறப்போட்டு, பிறகுதான் விதை. நாற்று வந்தது. இந்த முறை பாய் யாருக்கும் படம் அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு புயல் சின்னம் வந்தது. விடாத மழை. விடிந்துகொண்டிருக்கும்போது போன். பாய் குரல் தணிந்திருந்தது.

“மேடம். ஓரத்துப் பாத்தி. சாய ஆரம்பிச்சிடுச்சு.”

கிளம்பினேன். வேலப்பன்சாவடியில் சாலை தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. ஆட்டோ ஊர்ந்தது. வழியில் மேலதிகாரியிடம் சொன்னேன். “செப்பு மருந்தக் கரைச்சு எல்லாப் பாத்திலயும் ஊத்தச் சொல்லிடுங்க,” என்றார். “நாளைக்கு யாராவது கேட்டா, நாம ஏதோ செஞ்சோம்னு இருக்கும்.” கெட்ட மனிதர் இல்லை. துறையில் எல்லாரும் அப்படித்தான் யோசிப்போம். என் கைப்பையிலேயே அந்த மருந்துப் பொட்டலம் இருந்தது. அவர் சொல்வதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன்.

ஓரத்துப் பாத்தியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நாற்று விழுந்திருந்தது. மற்ற பாத்திகள் நின்றன. பாய் பூவாளியில் தண்ணீர் பிடித்து, மருந்துக்காகக் காத்து நின்றார்.

“குடுங்க மேடம். ஊத்திடறேன்.”

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஊற்றினால் நோய்ப் பூஞ்சணம் சாகும். கூடவே, நாங்கள் பாடுபட்டுக் குடியேற்றிய நல்ல நுண்ணுயிர்களும் சாகும். மழை நிற்காது, மருந்து கழுவிக்கொண்டு போய்விடும், மறுநாள் வண்டி மறுபடியும் காலி. ஊற்றாவிட்டால், எரு தாங்கவில்லையென்றால், சாயங்காலத்துக்குள் பாத்தி போகும், நாளைக்கு நிலம் போகும். ஊற்றிய பிறகு செத்தால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். ஊற்றாமல் செத்தால் நான்தான் கொன்றேன். குனிந்து, விழுந்த நாற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று தெரிந்தது. வட்டத்தின் நடுவில் இருந்தவை நைந்து கருகிப் பழசாகியிருந்தன. ஓரத்தில் பாதி சாய்ந்த நாற்றுகள் இருக்க வேண்டும். பரவும் நோய்க்கு அதுதான் முகம். அப்படி ஒன்றோ இரண்டோதான் இருந்தன. அதை அடுத்து நின்றவை நேராக நின்றன.

பொட்டலத்தைப் பாயிடம் கொடுத்தேன். “கையில வெச்சுக்குங்க. இப்ப ஊத்தாதீங்க. வட்டத்தச் சுத்தி குச்சி நடுவோம். சாயங்காலத்துக்குள்ள குச்சியத் தாண்டி ஒண்ணு சாஞ்சாலும் ஊத்திடுங்க. தாண்டலைன்னா ஊத்தக் கூடாது.”

“தாண்டிட்டா?”

“தாண்டிட்டா நான் சொன்னது தப்பு.”

ஷமீம் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டு வந்தாள். நிற்கும் நாற்றை ஒட்டி, இடைவெளியே இல்லாமல் நட்டாள். கொஞ்சம் தள்ளி நட்டிருக்கலாம். நமக்குச் சாதகமாக இருந்திருக்கும். அவள் அப்படி நடவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு வடிகால் வேலை. பிளாஸ்டிக் பைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியிருந்தது. கார்த்திகேயன் மழைக்கோட்டோடு வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். ஒரு காதில் போன் கருவி மாட்டியிருந்தார். அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சேற்றை வாரிப் போட்டுக்கொண்டே அவ்வப்போது, “யெஸ், ஐ அக்ரீ,” என்றார். எதற்கு ஒப்புக்கொண்டார் என்று அவருக்கும் தெரியாது என்று பிறகு சொன்னார்.

மதியம் பார்த்தோம். குச்சிக்கு உள்ளே சாய்ந்திருந்த அந்த ஒன்றிரண்டும் விழுந்திருந்தன. வெளியே எதுவும் இல்லை. பாய் பூவாளியைக் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்திருந்தார். இருட்டுவதற்கு முன் நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். குச்சிக்கு வெளியே நின்றவை நின்றன. ஷமீம் பூவாளியை அவர் கையிலிருந்து வாங்கி, தண்ணீரை வடிகாலில் கொட்டினாள்.

மழை இரண்டொரு நாளில் ஓய்ந்தது. இன்னொரு பாத்தியில் சிறிதாக ஒரு வட்டம் வந்தது. அதுவும் வந்த இடத்திலேயே நின்றது. எரு நோயை ஒழித்துவிட்டது என்று நான் அறிக்கையில் எழுதவில்லை. ஒழிக்கவில்லை. நோய் இன்றும் அந்த மண்ணில்தான் இருக்கும். அதற்கு நகர இடமில்லை, அவ்வளவுதான். மேலதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு, “காலநிலைய எங்கயும் காணோமே,” என்றார். சேர்க்கச் சொல்லவில்லை.

தரகர் அதற்குப் பிறகும் சில தடவை வந்தார். டீ கொடுத்தார்கள்.

நடவுக் காலம் வந்தது. முதலில் வந்தவர் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு விவசாயி. ஏழுமலை என்று பெயர். பாய் நாற்று இரண்டு தடவை செத்த கதை அவர் காதுக்குப் போயிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமல், “நாத்து கீதா பாய்? இல்ல வேற எங்கியாச்சும் பாக்கட்டுமா?” என்றார்.

நான் அன்று அங்கே இருந்தேன். பாய் அவரை நல்ல பாத்திக்கு அழைத்துப் போவார் என்று நினைத்தேன். நேராக ஓரத்துப் பாத்திக்கு, அந்த மொட்டை வட்டத்துக்கு அழைத்துப் போனார்.

“மொதல்ல இத பாருங்க. நோவு வந்துச்சு. வரலைன்னு நான் சொல்ல மாட்டேன். இங்க வந்துச்சு, இங்கியே நின்னுடுச்சு.”

ஏழுமலை குந்தி உட்கார்ந்தார். வட்டத்தைப் பார்த்தார். நல்ல பாத்தி எதையும் கேட்காமல், குச்சியை ஒட்டி வெளியே நின்ற நாற்றில் ஒன்றைப் பிடுங்கினார். தண்டைக் கிள்ளிப் பார்த்தார். வேர் வெள்ளையாக, கருப்பு மண்ணைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. பார்த்துத் திருப்தியாகி, எல்லாரும் செய்வதுபோல நாற்றைத் தொடையில் தட்டி மண்ணை உதறப் போனார்.

“உதறாதீங்கண்ணே,” என்றாள் ஷமீம். “அந்த மண்ணோடவே எடுத்துகினு போங்க.”

அவர் கையை நிறுத்திவிட்டு, நாற்றைத் துண்டில் வைத்தார்.